காற்று சுத்தமாக இருந்த நாட்கள்

அம்மாவின் மூக்குத்தி கழல மாட்டேன் என்றது. பூங்குழலி தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு வைத்து, திருகாணியை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தாள். திமிரியில் கல்யாணத்துக்கு முதல் நாள் போட்டது. அதற்குப் பிறகு ராஜம்மாள் அதைக் கழற்றியதே கிடையாது. ஒருமுறை ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் கழற்றச் சொன்னதற்கு, ஸ்கேனே வேண்டாம் என்று திரும்பி வந்தவள் அவள். மூக்குத்தியும் எஜமானியின் குணத்தைத்தான் கொண்டிருந்தது.

ராஜம்மாள் இறந்தது விடியற்காலையில். மூச்சு வாங்குகிறது என்று எழுந்து உட்கார்ந்தவள், சுவரில் சாய்ந்தபடியே போய்விட்டாள். தெருக்கோடி டாக்டர் வாசலில் நின்றபடியே விவரம் கேட்டார். ஏற்கெனவே நெஞ்சுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிற பெண்மணி என்று தெரிந்ததும், ஹார்ட் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஊரெல்லாம் கொரோனாவில் மூச்சுத் திணறிச் செத்துக்கொண்டிருந்த அந்த மே மாதத்தில், ஹார்ட் என்றால் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. பயமில்லாமல் வரலாம், பக்கத்தில் உட்கார்ந்து அழலாம். இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று போலீஸ்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தக் கணக்கு அவர் பைக் திரும்பும் வரைக்கும்தான் செல்லுபடியானது.

பக்கத்து வீட்டு லில்லி செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் வெளிச்சம் காட்டியபடி, மறு கையால் முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னா நாத்தம் நாறுது இன்னிக்கு! சாவு ஊடுன்னுகூட பாக்க மாட்டான் போல. எப்சி, அந்த ஜன்னலை சாத்துடி.”

லில்லியின் மகள் எப்சி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். அவளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள்.

“இன்னா நாத்தம்க்கா?” என்றாள் பூங்குழலி, திருகாணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“இன்னா நாத்தமா? தோல் ஷாப்பு நாத்தம்தான். வேற இன்னா?”

“தோல் ஷாப்பைத்தான் லாக்டவுனுக்கு மூடிட்டாங்களே.”

“எங்க மூடினாங்க? ஊறப்போட்ட தோலை அப்படியே வுட்டா அழுகிடும்னு பர்மிஷன் வாங்கி ஓட்டிக்கினு இருக்காங்க. உங்கப்பா தோஸ்த் நிசார் பாய்தான் மேஸ்திரி, அவரையே கேளு. ஆளும் கம்மி, கழுவி வுடறதும் கம்மி. அஞ்சாறு நாளா எப்பயும்விட ஜாஸ்தி நாத்தம். நான் மூக்கைப் புடிச்சிக்கினுதான் சோறு துன்றேன். உனக்கு இன்னா, மூக்கு இல்லியா?”

பூங்குழலியின் விரல்கள் நின்றன. தலைமாட்டில் ஊதுவத்தி ஒரு கட்டாகப் புகைந்துகொண்டிருந்தது. அம்மாவின் முகத்தருகே குனிந்தபடி அவள் மூச்சை இழுத்தாள். ஊதுவத்தி இல்லை. மல்லிகை இல்லை. கையில் வழியும் தேங்காய் எண்ணெய்கூட இல்லை. முகர்வதற்கு உலகத்தில் ஒன்றுமே மிச்சம் வைக்காமல் யாரோ துடைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

“ஒரு நிமிஷம்க்கா” என்று எழுந்தாள். பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, பினாயில் பாட்டிலைத் திறந்து மூக்கடியில் வைத்து இழுத்தாள். கண் எரிந்து தண்ணீர் வந்தது. வாசனை வரவில்லை.



ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனியில் அவள் ஸ்டிச்சிங் பிரிவில் இருந்தாள். இரண்டாவது ஊரடங்கு அறிவித்து கம்பெனியைச் சாத்திய அன்று, வாலாஜாபேட்டையில் இருந்த புருஷன் வீட்டுக்குப் போக பஸ் கிடைக்கவில்லை. அம்மாவும் பார்த்து எத்தனை நாளாச்சு, வா வா என்று கூப்பிட்டாள். வசந்த்துக்கு போன் பண்ணி, மகள் சௌமியாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கம்பெனி வேனிலிருந்து நேராக இங்கே வந்து இறங்கிவிட்டாள். வேனில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள், அடுத்த மெஷின்காரி. வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்தாள். தோல் தூசு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். அங்கே யாருக்குத்தான் ஒத்துக்கொண்டது? வந்த இரண்டாம் நாள் பூங்குழலிக்கு உடம்பு வலித்தது. நாள் முழுக்க மெஷினில் குனிந்தே பழகிய முதுகு, சும்மா கிடந்தால் வலிக்கத்தான் செய்யும் என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தாள்.

அதற்குப் பிறகு வந்தவைதான் அந்த நாட்கள்.

ஒரு நாள் சாயங்காலம் பின்கட்டுத் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தபோது, பூங்குழலிதான் முதலில் சொன்னாள்.

“ம்மா, நாத்தமே இல்ல பாத்தியா? தோல் ஷாப்பை மூடினதும் காத்து எப்பிடி ஆயிடுச்சு பாரு.”

அடுத்த நாளே ராஜம்மாளும் மூச்சை இழுத்துப் பார்த்து, “ஆமான்டி” என்றாள். அவள் முகம் மலர்ந்ததைப் பூங்குழலி அப்படிப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ராஜம்மாள் திமிரிக்காரி. கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவே வளர்ந்தவள். கல்யாணமாகி இந்தத் தெருவில் வந்து இறங்கிய அன்று, ஆரத்தித் தட்டுக்கு முன்னாலேயே வாந்தி எடுத்தாள். மாப்பிள்ளை வேதாசலம், தோல் ஷாப்பில் தோல் பதனிடும் டிரம்மை ஓட்டுகிறவர், ‘பத்து நாள்ல பழகிடும்’ என்றாராம். பழகவே இல்லை. மூக்கைச் சுளித்துக்கொண்டேதான் அவரோடு குடும்பம் நடத்தினாள், பிள்ளை பெற்றாள், அந்தத் தெருவிலேயே கிழவியும் ஆனாள். சுளித்துச் சுளித்து மூக்கின் இரண்டு பக்கமும் கோடு விழுந்துவிட்டது.

அந்தக் கோடு அந்த நாட்களில் காணாமல் போயிற்று. “திமிரி காத்து மாதிரியே இருக்குதுடி” என்றாள். மறுநாள், இந்தத் தெருவில் எவளும் செய்யாத காரியமாக, மொட்டை மாடியில் வேட்டியை விரித்து வடாம் பிழிந்தாள். இந்த நாற்றத்தில் காய்ந்த வடாத்தை வாயில் வைக்க முடியாது என்பதுதான் தெருவின் சட்டம். பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த லில்லி, “இன்னாக்கா, இந்த நாத்தத்துல போய் வடாம் போடறீங்க?” என்று கேட்டாள். அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். லில்லிக்கு எதிலும் ஒரு குறை சொல்லாமல் இருக்க முடியாது என்று கீழே இறங்கும்போது பேசிக்கொண்டார்கள்.

சாப்பாடு இறங்கவில்லை, ரசத்தில் உப்பே இல்லை என்றாள் ராஜம்மாள். வெயில், அதனால் நாக்கு செத்துவிட்டது என்று மகள் சமாதானம் சொன்னாள். இரண்டு பேரும் பின்கட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே தம்ளரில் மோரை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டு, ஊர்க்கதையெல்லாம் பேசினார்கள். எந்தப் பேச்சும் கடைசியில் தம்பி எத்திராஜிடம் வந்துதான் நின்றது. “உங்க மாமன் இன்னா பண்றானோ. சக்கர வேற இருக்குது அவனுக்கு” என்பாள். அப்புறம், “நான் செத்தாவாவது கோடி எடுத்துக்கினு வருவானா?” என்பாள். தூக்குவதற்கு முன்னால் பிறந்த வீட்டுப் புடவை மேலே விழவில்லை என்றால், அது அனாதைப் பிணம் என்பது அவள் எண்ணம்.

எத்திராஜ் இந்த வீட்டை மறந்ததற்குக் காரணம் பூங்குழலிதான். மாமன் மகன் நவீன்குமாருக்கு அவள் என்று, தொட்டிலில் கிடக்கும்போதே பேச்சு. படித்து முடித்து வேலைக்குப் போனதும், வேண்டாம் என்று சொன்னாள். அண்ணன் மாதிரிப் பழகிவிட்டோம் என்றாள். அதைவிடப் பெரிய அதிசயம், ராஜம்மாள் மகள் பக்கம் நின்றது. எத்திராஜ் தாம்பூலத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தவர், ‘இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்’ என்று தலை முழுகிவிட்டுப் போனார். அதோடு பொங்கல் சீர் நின்றது, போன் நின்றது. நவீனுக்கும் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் ஆகிவிட்டன. ஆனாலும் ஒவ்வொரு பொங்கலுக்கும் ராஜம்மாள் வாசல் பக்கம் இரண்டு தடவை கூடுதலாக வந்து நிற்பாள்.

அந்த எத்திராஜ்தான் இப்போது கோடியோடு வந்துகொண்டிருந்தார். காலையில் போனில் செய்தி போயிற்று. “எடுத்துடாதீங்க, நான் வர்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பூங்குழலி முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு, கொல்லைப்பக்கம் வந்தாள். அப்பாவை சைகை காட்டிக் கூப்பிட்டாள். சாவுப் பந்தலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வேதாசலம், வேட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தார்.

“அங்கியே நில்லுப்பா. கிட்ட வராத.”

“இன்னாடி?”

சொன்னாள். 

“மூக்கு தெரியலைன்னா கொரோனாவா? எனக்கு மூக்கு போயி இருவது வருஷம் ஆவுது. சுண்ணாம்பும் ஆசிட்டும் தின்னுட்டுது. நான் இன்னா செத்தா போயிட்டேன்?”

“உனக்கு முன்னாடியே போச்சுப்பா. எங்களுக்கு இப்பதான் போயிருக்குது. ரெண்டு பேரும் காத்து நல்லா இருக்குதுன்னு ஒக்காந்துக்கினு இருந்தோம்ப்பா. தோல் ஷாப்பு ஓடிக்கினே இருந்திருக்குது.”

வேதாசலம் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார். கைப்பிடிச் சுவரில் வடாம் வேட்டியின் ஒரு முனை தொங்கிக்கொண்டிருந்தது. வடாத்தை எடுத்து வைக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

“எத்திராஜு பள்ளிகொண்டா தாண்டிட்டான். நவீன் போன் பண்ணான்” என்றார் கடைசியில். குரல் கெஞ்சியது. “அவன் வந்து அந்தக் கோடியைப் போட்டுடட்டும்மா. அப்பறமா நீ யாருகிட்ட சொல்லணுமோ சொல்லு. இப்ப சொன்னா மூட்டை கட்டித் தூக்கிக்கினு போயிடுவாங்க. எண்ணெ வெக்க வுட மாட்டான், குளிப்பாட்ட வுட மாட்டான். ஒரு மணி நேரம்தான். அதுக்குள்ள இன்னா ஆயிடப் போவுது?”

பூங்குழலிக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அப்பா சொல்லிவிட்டார் என்பதே ஒரு துணையாக இருந்தது. தலையை ஆட்டினாள்.

உள்ளே வந்தால், ஒரு மணி நேரத்தில் என்ன ஆகும் என்பது கூடத்திலேயே உட்கார்ந்திருந்தது. எப்சி அம்மாவின் தலைமாட்டில் நெருங்கி உட்கார்ந்து, கலைந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க, மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கிவிட்டிருந்தாள். அந்தப் பிள்ளைத்தாய்ச்சியின் கையைத்தான் பூங்குழலி காலையிலிருந்து பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள். வாசலில் பெரியம்மா முறை ஒருத்தி தலையிலடித்துக்கொண்டு வந்து இறங்கினாள். வந்தவள் நேராகப் பூங்குழலியின் கழுத்தைக் கட்டிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினாள். சாவு வீட்டில் பெண்கள் கட்டிக்கொண்டு அழுவதற்குக் கை நீட்டுவதுதான் முறை. நீட்டிய கையில் போய் விழாதவளை ஊர் என்ன சொல்லும் என்று பூங்குழலிக்குத் தெரியும். அவள் திரும்பி ஓடிப்போய் மறுபடி பாத்ரூம் தாழைப் போட்டுக்கொண்டாள்.

“பாருடி, பெத்தவளுக்கு அழக்கூட ஆளைக் காணோம்” என்று வெளியே அந்தப் பெரியம்மாவின் குரல் கேட்டது.

கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து, பூங்குழலி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானேதான் கொண்டுவந்து கொடுத்தேன் என்ற நினைப்பு அவளை ஒரேயடியாக அமுக்கியது. மோர் தம்ளர் ஞாபகம் வந்தது. அம்மா குடித்து மீதி வைத்த இடத்தில் வாய் வைத்துக் குடித்தது, தான் குடித்த இடத்தில் அம்மா வாய் வைத்தது. செல்போனை எடுத்து கம்பெனியில் கூட வேலை செய்கிற பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்தாள். அடுத்த மெஷின்காரிக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள், எல்லோரும் பிரார்த்தனை செய்யுங்கள் என்று முந்தாநாளே வந்திருந்தது. அவள் பார்க்கவில்லை. காற்று வாங்கிக்கொண்டிருந்தாள்.

வசந்த்தைக் கூப்பிட்டாள்.

“கெளம்பிட்டோம், பாஸ் கெடச்சிடுச்சு” என்றான் அவன். பின்னால் சௌமியா செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டது.

“வராத. சௌமியாவைக் கூட்டிக்கினு வராத.”

“இன்னா பேசற? அத்தை மொகத்தை கடைசியா ஒருவாட்டி…”

“வராதன்னா வராத. எனக்கு வந்திருக்குது.”

 அவளே போனை வைத்துவிட்டாள். தன் பிள்ளைக்கு வேண்டாம் என்று தடுக்கத் தெரிந்தது. லில்லியின் பிள்ளைக்கு மட்டும் ஒரு மணி நேரம் பொறுக்கலாமா? பக்கெட்டிலிருந்து எழுந்து நின்றாள். ஆனாலும் தாழில் வைத்த கை அங்கேயே இருந்தது. திறந்தால் அம்மாவுக்குக் கோடி இல்லை. திறக்காமல் இருக்கவும் முடியவில்லை.

தெருமுனையில் பைக் சத்தம் நின்றது.

“அக்காவ்…”

அந்தக் குரல் அவளுக்கு மறக்கவில்லை. சின்ன வயதில் அந்தக் குரல் தெருமுனையில் கேட்டால், கரும்புக் கட்டு வருகிறது என்று அர்த்தம். தாழைத் திறந்துகொண்டு ஓடினாள். கூடத்தையும் வாசலையும் தாண்டி ஓடிப்போய், இரும்பு கேட்டைச் சாத்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

எத்திராஜ் இளைத்துப் போயிருந்தார். சட்டை தோளில் நிற்கவில்லை. இரண்டு கையிலும் பித்தளைத் தட்டு. அதில் மடித்த அரக்கு நிறப் புடவை, மஞ்சள், குங்குமம், ஒரு முழம் பூ. தட்டை ஏந்திக்கொண்டு, கண்ணீரைத் துடைக்கக் கை இல்லாமல், அப்படியே அழுதுகொண்டு வந்தார். பின்னால் நவீன்குமார் ஹெல்மெட்டோடு நின்றிருந்தான்.

“மாமா, அங்கியே நில்லுங்க. உள்ள வராதீங்க.”

அவர் நின்றார். “இன்னா சொன்ன?”

“வராதீங்க மாமா. கோடி போட வாணாம்.”

இப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று பிற்பாடு பல நாள் யோசித்திருக்கிறாள். அந்த நேரத்தில் அதுதான் வந்தது. பந்தலில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். பிறந்த வீட்டுக் கோடியை வாசலில் மறிப்பதைவிடப் பெரிய அவமானம் ஒருவனுக்கு இல்லை.

எத்திராஜ் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “அன்னிக்கு என் புள்ளய வாணான்ன. நான் போயிட்டேன். இன்னிக்கு எங்கக்காவுக்கு நான் கோடி போட வாணாம்ன்ற. அதுக்கு நீ யாருடி? அவ உனக்கு அம்மா ஆவறதுக்கு முன்னாடி எனக்கு அக்கா.”

“அவ கெடக்கறா, நீ வா எத்திராஜு” என்று வேதாசலம் ஓடிவந்து கேட்டின் தாழைப் பிடித்தார். அவர் கை மகளின் கைமேல் பட்டது. அதைத் தள்ளிவிட்டு, கேட்டை விடாமல், தெருவே கேட்கும்படி அவள் கத்தினாள்.

“எனக்கு கொரோனா வந்துடுச்சு மாமா! மூக்கு போயிடுச்சு. அம்மாவுக்கும் அதான். அம்மா ஹார்ட்ல போவல. யாரும் உள்ள இருக்காதீங்க, எல்லாரும் போயிடுங்க!”

 தோல் ஷாப்பு டிரம் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் தொம் தொம் என்று உருண்டுகொண்டிருந்தது. எத்தனையோ நாளாக அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. காதில் விழுவதைக்கூட அவள் கேட்டிருக்கவில்லை.

பிறகு நாற்காலிகள் நகர்ந்தன. லில்லி கூடத்துக்குள் ஓடி எப்சியின் கையைப் பிடித்து எழுப்பி, வேலிப் பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் வீட்டில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது, வெகு நேரம் மூடவில்லை. “தெரிஞ்சிக்கினே ஒக்கார வெச்சிருக்கா பாரு, பாவி” என்று போகிற போக்கில் பெரியம்மா மண்ணை வாரித் தூற்றினாள்.  வேதாசலத்தின் சிநேகிதர் நிசார் அஹமது மட்டும் எதிர்ச்சுவர் வரைக்கும் போய் நின்றுகொண்டார். “வேதா, பொண்ணு செஞ்சது சரிதான். உள்ள போயி ஒக்காரு. போன் நான் பண்றேன்” என்றார்.

எத்திராஜ் நகரவில்லை. தட்டோடு அப்படியே தெருமண்ணில் உட்கார்ந்துவிட்டார். நவீன்குமார் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, கரண்ட் கம்பம் வரைக்கும் நடத்திக்கொண்டு போய் நிறுத்தினான். அங்கிருந்து திரும்பி, அத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தையாகக் கேட்டான்.

“பூங்குழலி, உனக்கு ஜொரம் இருக்குதா? மூச்சு வுட முடியுதா?”

“முடியுது” என்றாள். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை என்பதால், அதற்குமேல் நிற்க முடியாமல் உள்ளே போய்விட்டாள்.

வெயில் உச்சிக்கு வந்த பிறகு வண்டி வந்தது. சுகாதார ஆய்வாளர் ஒருவர், வெள்ளைக் கவச உடையில் இரண்டு ஆட்கள். பூங்குழலிக்கும் வேதாசலத்துக்கும் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள். ரிசல்ட் நாளைக்குத்தான் வரும், அதுவரைக்கும் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டுதான் எல்லாம் செய்ய வேண்டும் என்றார் ஆய்வாளர். யார் யார் வந்தார்கள் என்று கேட்டார். அவள் நினைவிலிருந்து ஒவ்வொருவராகச் சொன்னாள். எப்சியின் பெயரை முதலில் சொன்னாள்.

எண்ணெய் வைக்கவில்லை, குளிப்பாட்டவில்லை. “நகை எதனா இருக்குதாம்மா?” என்று உள்ளேயிருந்து ஒருவன் கேட்டான்.

“மூக்குத்தி இருக்குது. வராது. வுட்டுடுங்க.”

அவளையும் அப்பாவையும் உள் அறையில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். மருந்து அடிக்கிற சத்தமும், ஜிப்பை இழுக்கிற சத்தமும் கேட்டன. வேதாசலம் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் மகளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

பூங்குழலி தெருப்பக்க ஜன்னலில் வந்து நின்றாள். அம்மாவை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே வைத்திருந்தார்கள். தலை எது கால் எது என்று தெரியாத நீள மூட்டை. கம்பத்தடியில் எத்திராஜ் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

“சார், என் கையாலதான் போடணும்னு இல்ல சார். அவ மேல விழுந்தா போதும். பொறந்த ஊட்டுது சார்.”

ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த வீடு, அதற்கு அடுத்த வீடு என்று அவருக்கு அன்று நிறைய இருந்திருக்கும். “நீங்க கிட்ட வரக் கூடாது பெரியவரே. தட்டை நடுவுல வெச்சிட்டு பின்னால போயிடுங்க. எங்க ஆளு போடுவான்” என்றார்.

எத்திராஜ் தட்டைத் தெரு நடுவில் வைத்துவிட்டுப் பின்னாலேயே நடந்து கம்பத்தடிக்குப் போனார். கவச உடைக்காரன் வந்து புடவையை எடுத்தான். உறை போட்ட கையில் பட்டு வழுக்கியது. உதறி, பாய் விரிப்பதுபோலக் குறுக்கே போட்டான்.

“தம்பி, அப்படி இல்லப்பா” என்றார் எத்திராஜ். கோபமில்லை. சின்னப் பிள்ளைக்கு வேட்டி கட்டச் சொல்லிக்கொடுக்கிற குரலாக இருந்தது. “நீட்டுல போடணும். முந்தானி தலைமாட்டுல வரணும்.”

“இப்பிடியா பெரியவரே?” கண்ணாடிக்குள் அவன் குரல் அமுங்கிக் கேட்டது.

“அந்தப் பக்கம்தான தலை? ஆங், அங்க. ஜரிகை மேலாப்புல தெரியட்டும். கொஞ்சம் கீழ எறக்கு. இன்னும் கொஞ்சம். கால் மூடணும்ப்பா, கால் தெரிஞ்சா அவளுக்குப் புடிக்காது.”

அவன் கால் பக்கம் போய்க் குனிந்து, புடவையை இழுத்து மூட்டைக்கு அடியில் செருகினான்.

“மெதுவா” என்றார் எத்திராஜ். “மெதுவாப்பா.”

தலைமாட்டில் ஓரிடத்தில் புடவை சுருங்கியிருந்தது. அவன் திரும்பித் தலைமாட்டுக்கு வந்து, அதைத் தட்டி இழுத்துவிட்டான். ஜன்னலிலிருந்து பூங்குழலி அவனைப் பார்க்கவில்லை, மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பத்தடியில் அவர் கைகள் இரண்டும் முன்னால் நீண்டிருந்தன. அங்கே அவன் இழுக்க இழுக்க, இங்கே அவை வெறும் காற்றில் மடிப்பை நீவிக்கொண்டிருந்தன. ஸ்ட்ரெச்சரை ஏற்றி வண்டியின் கதவைச் சாத்தினார்கள். வண்டி தெரு திரும்பிய பிறகும் கொஞ்ச நேரம் அவர் நீவிக்கொண்டிருந்தார்.